இன்னும் எதை நிறுத்துவது?

வாசகியின் கேள்வி:

மேடம், எனக்கு வயது 41. ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். நாலு வருடமாக வயிறு படுத்தும் பாட்டைச் சொல்லி முடியாது. சாப்பிட்டால் உப்புசம், அடிவயிற்றில் முறுக்கு, உடனே ஓட வேண்டும். சில வாரம் இளகியே போகும், சில வாரம் மூன்று நாளானாலும் போகாது. எண்டோஸ்கோபி, ஸ்கேன் எல்லாம் ஆரம்பத்திலேயே எடுத்துப் பார்த்துவிட்டு, "ஐபிஎஸ்தான் (குடல் எரிச்சல் நோய்), பயப்பட ஒன்றுமில்லை, சாப்பாட்டைக் கவனித்துக்கொள்ளுங்கள்" என்றார் டாக்டர். எப்படிக் கவனிப்பது என்று சொல்லவில்லை. நானாக ஒவ்வொன்றாக நிறுத்தினேன். முதலில் பால், பிறகு கோதுமை, வெங்காயம், பூண்டு, பருப்பு வகைகள், பழங்கள். போன வாரம் முட்டையும் போயிற்று. இப்போது சோறு, கேரட், உருளைக்கிழங்கு, கோழி, இவ்வளவுதான். எட்டு மாதத்தில் ஆறு கிலோ இறங்கிவிட்டேன். வயிறு மட்டும் அடங்கவில்லை. வெளியூர் போக வேண்டுமென்றால் முதல் நாள் இரவே பட்டினி. "எல்லாம் உன் மனசுதான்" என்கிறார் கணவர். நூற்றுக்கும் மேற்பட்ட உணவுகளுக்கு ஒத்துக்கொள்ளாமையை ரத்தத்திலேயே பார்க்கும் பரிசோதனை இருக்கிறதாமே, செய்துகொள்ளட்டுமா? இரண்டு வாரம் சாப்பிட்டதை எழுதி இதோடு அனுப்பியிருக்கிறேன். இன்னும் எதை நிறுத்த வேண்டும் என்று சொல்லுங்கள்.

பதில்:

உங்கள் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். சாப்பாட்டில் இனி எதையும் நிறுத்த வேண்டாம். நிறுத்த வேண்டியது ஒன்றே ஒன்று இருக்கிறது. அதை நீங்கள் சாப்பாட்டுக் கணக்கிலேயே சேர்க்காமல் தாளின் ஓரத்தில் கிறுக்கி வைத்திருக்கிறீர்கள். அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் உணவியல் ஆலோசகர். குடல் மருத்துவர்கள் அனுப்புகிறவர்களோடு உட்கார்ந்து சாப்பாட்டைப் பற்றிப் பேசுவது என் வேலை. நோயைக் கண்டுபிடிப்பதும் மருந்து எழுதுவதும் டாக்டருடைய வேலை. அதனால் இரண்டு விஷயத்துக்காக உங்களை மறுபடி அவரிடம் அனுப்பிவிட்டுத்தான் என் பேச்சைத் தொடங்க முடியும்.

ஒன்று, அந்த ஆறு கிலோ. நீங்கள் எழுதியனுப்பிய சாப்பாட்டைப் பார்த்தால் எடை இறங்கியதில் ஆச்சரியம் இல்லை. ஆனாலும் "குறைவாகச் சாப்பிட்டேன், குறைந்துவிட்டேன்" என்று நாமே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. ஐபிஎஸ் தானாக எடையைக் கரைக்கிற நோய் இல்லை. உங்கள் பரிசோதனைகள் எல்லாம் எடை இறங்குவதற்கு முன்னால் எடுத்தவை. எடை இறங்கியதை டாக்டரிடம் சொன்னதாகக் கடிதத்தில் எங்கும் இல்லை. சொல்லுங்கள். மலத்தில் ரத்தம், ரத்தசோகை, விட்டுவிட்டுக் காய்ச்சல், தூக்கத்திலிருந்து எழுப்பிவிடுகிற பேதி, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோயோ குடல் அழற்சி நோயோ இருந்த வரலாறு, இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்கே போங்கள். மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற புரதத்தை அளக்கும் எளிய பரிசோதனை ஒன்று உண்டு. குடலில் அழற்சி இருந்தால் அது ஏறியிருக்கும். ஐபிஎஸ் மட்டும் என்றால் பெரும்பாலும் ஏறாது. முன்பு பார்க்கவில்லை என்றால் இப்போது பார்க்கலாமா என்று கேளுங்கள்.

இரண்டு, கோதுமை. சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனை உங்களுக்குச் செய்தார்களா? செய்தார்கள் என்றால், கோதுமையை நிறுத்துவதற்கு முன்பா, பின்பா? இது முக்கியமான கேள்வி. சீலியாக் என்பது கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள க்ளூட்டன் என்ற புரதத்துக்கு எதிராக உடலே கிளம்பிச் சிறுகுடலின் உட்சுவரைச் சிதைக்கும் நோய். உப்புசம், பேதி, வலி என்று வெளிக்கு ஐபிஎஸ் மாதிரியே இருக்கும். 1944-45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் கடும் பஞ்சம், ரொட்டியே கிடைக்கவில்லை. ஊரெல்லாம் பட்டினியில் வாடியபோது இந்த நோயிருந்த குழந்தைகள் மட்டும் தேறியதையும், ரொட்டி திரும்ப வந்ததும் மறுபடி படுத்துக்கொண்டதையும் வில்லெம் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் கவனித்தார். கோதுமைதான் குற்றவாளி என்று அவர் அதற்குமுன்பே சந்தேகப்பட்டிருந்தார். பஞ்சம் அதை உறுதிப்படுத்தியது. இதிலேயே உங்களுக்கான விஷயமும் இருக்கிறது. கோதுமையை நிறுத்தினால் நோய் அடங்கும், ரத்தத்தில் அதன் தடயமும் மறையும். நிறுத்திய பிறகு பரிசோதித்து "இல்லை" என்று வந்தால் அதை நம்ப முடியாது. சரியாகப் பார்க்க வேண்டுமென்றால் ஆறு வாரமாவது தினமும் ஒரு வேளைக்கு மேல் கோதுமை சாப்பிட்ட பிறகு ரத்தம் கொடுக்க வேண்டும். எப்போது தொடங்குவது என்பதை டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள்.

சரி, இனி உங்கள் நோட்டுக்கு வருவோம். பதினான்கு நாளையும் படித்தேன். எழுத்து அழகாக இருக்கிறது. நேரம்கூட நிமிடக் கணக்கில் இருக்கிறது. கணக்குப் பிரிவில் இருப்பவர் என்பது தெரிகிறது. ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், முட்டையைத் தள்ளிவைத்த அந்தச் செவ்வாய்க்கிழமை.

காலை 7.30 காபி. 10 மணிக்கு இன்னொரு காபி. மதியம் மீட்டிங், சாப்பிடவில்லை. ஓரத்தில் பென்சிலில், "சூயிங்கம் (சர்க்கரை இல்லாதது) 6". இரவு 8.30க்குச் சோறு, இரண்டு முட்டை, நிறைய எண்ணெயில் வறுத்த உருளைக்கிழங்கு. 9.15க்கு வலி, ஓட்டம். அதற்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டு, "முட்டை ஒத்துக்கொள்ளவில்லை."

பற்று சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆள்தான் மாறிவிட்டது.

8.30க்குச் சாப்பிட்ட முட்டை 9.15க்கு எங்கே இருந்திருக்கும்? இரைப்பையில்தான். திட உணவு இரைப்பையை விட்டு இறங்கி முடிக்கவே மூன்று நான்கு மணி நேரம் ஆகும். சிறுகுடலைக் கடந்து பெருங்குடலை எட்ட அதற்குமேலும் நேரம் பிடிக்கும். அந்த 45 நிமிடத்தில் வெளியே போனது முட்டையாக இருக்க வழியே இல்லை. அது முந்தைய நாளின், சில சமயம் அதற்கும் முந்தைய நாளின் மிச்சம். வயிற்றுக்குள் சாப்பாடு விழுந்ததும் பெருங்குடல் அசைந்து இடம் ஒதுக்குவது எல்லோருக்கும் உள்ள இயல்பான அனிச்சைச் செயல். சாப்பாடு பெரிதாகவும் கொழுப்பு அதிகமாகவும் இருந்தால் அசைவும் பலமாக இருக்கும். பகலெல்லாம் வெறும் வயிறு, இரவு மொத்தமாக ஒரே பிடி என்றால் உங்கள் குடல் அதிலேயே துள்ளும். முட்டையில் குடலில் புளிக்கிற மாவுச்சத்தோ சர்க்கரையோ இல்லை என்றே சொல்லலாம். முட்டைக்கு உண்மையான ஒவ்வாமை இருந்தால் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, மூச்சுத் திணறல் என்று அது தன்னை வேறு விதமாகக் காட்டும். உங்கள் நோட்டில் அப்படி எதுவும் இல்லை.

இப்போது பென்சில் எழுத்து. சர்க்கரை இல்லாத சூயிங்கத்தில் இனிப்புக்காகச் சேர்ப்பது பெரும்பாலும் சார்பிட்டால். சிறுகுடல் அதை முழுதாக உறிஞ்சாது. உறிஞ்சாத சார்பிட்டால் தண்ணீரை இழுத்துக்கொண்டு பெருங்குடலுக்குப் போகும். அங்கே கிருமிகள் அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கும். பல பாக்கெட்டுகளிலேயே பொடி எழுத்தில் "அதிகம் உட்கொண்டால் பேதியாகலாம்" என்று போட்டிருப்பார்கள். ஒரு துண்டில் தோராயமாக 1.25 கிராம் என்று வைத்தால் ஆறு துண்டில் ஏழு கிராமுக்கு மேல். திடமான குடலுக்கு இது ஒன்றும் செய்யாமல் போகலாம். உங்களுக்கு இது போதும். 2008ல் ஜெர்மனி மருத்துவர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இரண்டு பேரைப் பற்றி எழுதினார்கள். அதில் ஓர் இளம்பெண்ணுக்கு மாதக்கணக்கில் பேதி, 11 கிலோ எடை இழப்பு. எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்தும் காரணம் பிடிபடவில்லை. கடைசியில் அவர் தினம் 18 முதல் 20 கிராம் சார்பிட்டால் போகும் அளவுக்குச் சூயிங்கம் மென்றுகொண்டிருந்தது தெரிந்தது. அதை விட்டதும் பேதி நின்றது, எடையும் ஏறியது. உங்கள் கதையும் அதுதான் என்று சொல்லவில்லை. ஆனால் பதினான்கு நாளில் பதினொரு நாள் ஓரத்தில் அந்தப் பென்சில் எழுத்து இருக்கிறது. நீங்கள் நிறுத்திய ஏழு உணவில் ஒன்றுகூட அத்தனை நாள் உங்கள் வாய்க்குள் போகவில்லை.

பட்டினி கிடந்தால் வாய் வாடை வரும், அதை மறைக்கத்தான் சூயிங்கம் என்று நினைக்கிறேன். மதியம் சாப்பிடத் தொடங்கினால் அதற்கே வேலை இல்லாமல் போகும்.

உங்கள் கணவர் சொன்னதற்கும் ஒரு வார்த்தை. வலி உங்கள் குடலில்தான் இருக்கிறது, கற்பனை இல்லை. இங்கிலாந்தின் நாட்டிங்காம் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமானவர்களுக்கும் ஐபிஎஸ் உள்ளவர்களுக்கும் ஒரே மாதிரியான புளிக்கும் சர்க்கரைகளைக் குடிக்கக் கொடுத்து எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தார்கள்; 2017ல் முடிவு வெளியானது. இரண்டு தரப்பிலும் பெருங்குடலில் வாயு கிட்டத்தட்ட ஒரே அளவுதான் ஏறியது. வலித்ததும் உப்பியதும் ஐபிஎஸ் உள்ளவர்களுக்குத்தான் அதிகம். அதாவது உங்கள் வயிற்றில் அடுத்தவரைவிட வாயு அதிகம் என்று அர்த்தமில்லை. அதே வாயுவை உங்கள் குடல் நரம்புகள் உரக்கச் சொல்கின்றன. பதற்றமும் தூக்கமின்மையும் அந்தச் சத்தத்தை இன்னும் கூட்டும், அந்த அளவுக்கு மனசுக்குப் பங்கு உண்டு. அவரிடம் இதைப் படித்துக் காட்டுங்கள், வேண்டுமென்றால் என் பேரைச் சொல்லியே.

நோட்டு எழுதுவதைத் தொடருங்கள், இரண்டு மாற்றத்தோடு. "இளகி", "ரொம்ப இளகி" என்று எழுதாமல் பிரிஸ்டல் மல அளவுகோலின் எண்ணைப் போடுங்கள். ஒன்று என்றால் உருண்டை உருண்டையாகக் கெட்டி, ஏழு என்றால் வெறும் தண்ணீர், மூன்றும் நான்கும் நல்ல நாள். இரண்டாவது, எந்தத் தொந்தரவு வந்தாலும் கடைசியாகச் சாப்பிட்டதை மட்டும் பார்க்காமல் அதற்கு முந்தைய 24 மணி நேரத்தையும் திரும்பிப் பாருங்கள். சிவப்பு மையை மட்டும் எடுத்து வைத்துவிடுங்கள்.

அடுத்த மூன்று வாரத்துக்கு, முட்டையைத் திரும்பச் சேர்ப்பதைத் தவிர, உணவின் பட்டியலைத் தொடவே வேண்டாம், நேரத்தையும் அளவையும் மட்டும் திருத்துவோம். மூன்று வேளை, நடுவில் ஒன்றிரண்டு சிறு தீனி. மதியத்தை எக்காரணம் கொண்டும் விடக் கூடாது. மீட்டிங் இருந்தால் அதற்கு முன்னால் பத்து நிமிடம் எடுத்துச் சாப்பிடுங்கள். இரவுச் சாப்பாடு இப்போதைய அளவில் பாதி. வறுத்தது வேண்டுமென்றால் கொஞ்சமாக, பகலில். காபி ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் வேண்டாம், அதுவும் வெறும் வயிற்றில் வேண்டாம். காபி குடித்த சில நிமிடத்திலேயே பெருங்குடலின் கடைப்பகுதி அசையத் தொடங்குவது பலருக்கு உண்டு. காஃபின் நீக்கிய காபியிலும் அது நடக்கும் என்பதால் பெயரை மட்டும் மாற்றிக் குடித்துப் பயனில்லை. பாலை விட்டுவிட்டதால் கறுப்புக் காபிதான் குடிக்கிறீர்கள், அது காலியான வயிற்றில் நேராக இறங்குகிறது. அப்புறம் அந்தச் சூயிங்கம், சர்க்கரை இல்லாத மிட்டாய், இருமலுக்குச் சப்பும் சர்க்கரையில்லா வில்லை எல்லாம் அடியோடு நிற்கட்டும்.

இது என்ன, பாட்டி சொல்வது மாதிரி இருக்கிறதே என்று தோன்றலாம். ஸ்வீடனில் 75 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு இப்போது எல்லோரும் பேசும் கடுமையான பத்தியத்தையும், இன்னொரு பாதிக்கு இந்த மாதிரியான எளிய யோசனைகளையும் கொடுத்து நாலு வாரம் பார்த்தார்கள். 2015ல் வந்த முடிவின்படி இரண்டிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நல்ல குணம் தெரிந்தது. எளியதில் பாதிப் பேர் தேறுவார்கள் என்றால் கடினமானதை முதலில் கையில் எடுப்பானேன்?

நார்ச்சத்து பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மலம் மூன்று நாள் போகாத வாரங்களில் கோதுமைத் தவிடு சாப்பிட்டுப் பார்த்ததாக நோட்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. கோதுமையை நிறுத்திவிட்டுத் தவிட்டைச் சாப்பிட்டிருக்கிறீர்கள்! இது உங்களைக் கேலி செய்யச் சொன்னதில்லை. மலச்சிக்கல் என்றாலே தவிடு என்று எல்லோரும்தான் சொல்கிறார்கள். ஐபிஎஸ் உள்ளவர்களுக்குத் தவிடு பல சமயம் உபத்திரவம்தான். நெதர்லாந்தில் 275 பேரிடம் நடத்திய சோதனையில், 2009ல் வெளிவந்தது அது, இசப்கோல் உமி சாப்பிட்டவர்களுக்குக் குணம் தெரிந்தது. தவிடு சாப்பிட்டவர்களில் பலர் தொந்தரவு கூடி நடுவிலேயே விலகினார்கள். இசப்கோல் உமி தண்ணீரை உறிஞ்சிக் கூழாகும், மெதுவாகத்தான் புளிக்கும், அதனால் வாயு குறைவு. மலம் இறுகிய வாரத்திலும் உதவும், இளகிய வாரத்திலும் உதவும் என்பதுதான் அதன் அழகு. அரை டீஸ்பூனில் தொடங்கி, ஒரு முழு டம்ளர் தண்ணீரில் கலந்து உடனே குடியுங்கள். கலந்து வைத்துவிட்டுப் போனால் கூழாகி வாயில் இறங்காது. வாரத்துக்கு அரை டீஸ்பூன் கூட்டி இரண்டு டீஸ்பூன் வரை போகலாம். வேறு மாத்திரை ஏதாவது சாப்பிட்டால் இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள்.

மூன்று வாரத்தில் வயிறு பாதியாவது அடங்கும் என்று எதிர்பார்க்கிறேன். இதற்கு நடுவிலேயே முட்டை வந்துவிட வேண்டும். அதற்குச் சோதனை எதுவும் தேவையில்லை.

இப்போது அந்தக் கடுமையான பத்தியத்துக்கு வருகிறேன், ஏனென்றால் நீங்கள் அறியாமலேயே அதில் அரைப்பங்கைச் செய்திருக்கிறீர்கள். ஃபாட்மேப் என்று அதற்குப் பெயர். ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் உள்ள மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவாகி, 2005ல் அந்தப் பெயரோடு அச்சுக்கு வந்தது. சிறுகுடல் சரியாக உறிஞ்சாத, பெருங்குடலில் சட்டென்று புளிக்கிற சில குறுகிய சர்க்கரைகளின் கூட்டுப்பெயர் அது. கோதுமை, வெங்காயம், பூண்டில் ஃப்ரக்டான். பருப்பு, பயறில் அதன் ஒன்றுவிட்ட உறவு ஒன்று. பாலில் லாக்டோஸ். தேன், மாம்பழம், ஆப்பிளில் மிகுதியான ஃப்ரக்டோஸ். நம் சூயிங்கத்தில் சார்பிட்டால். நீங்கள் நிறுத்தியவை கிட்டத்தட்ட அதே பட்டியல்தான். உங்கள் உள்ளுணர்வு அவ்வளவு மோசமில்லை.

ஆனால் அந்தப் பத்தியத்துக்கு மூன்று கட்டம் உண்டு. நிறுத்துவது முதல் கட்டம், இரண்டிலிருந்து ஆறு வாரம் மட்டும். அடுத்தது ஒவ்வொன்றாகத் திரும்பச் சாப்பிட்டு எது எவ்வளவு வரை ஒத்துக்கொள்கிறது என்று பார்ப்பது. கடைசியில் ஒத்துக்கொண்டவற்றை எல்லாம் சேர்த்துச் சாதாரணமாகச் சாப்பிடுவது. முதல் கட்டம் ஒரு கேள்வி மட்டுமே. பதில் இரண்டாவதில்தான் இருக்கிறது. நீங்கள் எட்டு மாதமாகக் கேள்வியிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். அதற்கு விலையும் உண்டு. இந்தச் சர்க்கரைகளைத் தின்றுதான் குடலின் நல்ல கிருமிகள் பிழைக்கின்றன. சில வாரம் நிறுத்தினாலே பிஃபிடோ வகைக் கிருமிகள் குறைவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இதில் எனக்கே ஒரு பழைய பாவக்கணக்கு உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில், "சாப்பிடக் கூடாதவை" என்று இரண்டு பக்கத்தில் அச்சடித்த தாள் ஒன்றை எல்லோர் கையிலும் கொடுத்து அனுப்புவேன். ஒருவர் ஒன்றரை வருடம் கழித்து வேறு ஏதோ காரணத்துக்காக வந்தார். பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தார். மடிப்பெல்லாம் கிழிந்து டேப் ஒட்டியிருந்தது. அதுவரை அதில் உள்ள எதையும் அவர் தொட்டதில்லை. பேத்தியின் பிறந்தநாள் கேக்கைக்கூட. எப்போது திரும்பச் சாப்பிட வேண்டும் என்று அந்தத் தாளில் நான் எங்குமே எழுதவில்லை. அன்றோடு அந்தத் தாளைக் கொடுப்பதை விட்டேன்.

சரி, திரும்பக் கொண்டுவருவது எப்படி? வாரத்துக்கு ஒரு பொருள். மூன்று நாள் அதை ஏறுமுகமான அளவில் சாப்பிடுங்கள், பிறகு மூன்று நான்கு நாள் அதை விட்டுவிட்டுப் பழைய சாப்பாட்டில் இருங்கள். உங்களுக்கு நான் தயிரில் தொடங்குவேன். தயிரில் உள்ள கிருமிகளே லாக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. மிச்சத்தைச் செரிக்கவும் கைகொடுக்கின்றன. அடுத்த வாரம் பால்: முதல் நாள் கால் டம்ளர், மறுநாள் அரை, மூன்றாம் நாள் முக்கால், வெறும் வயிற்றில் இல்லாமல் சாப்பாட்டோடு. வளர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு லாக்டோஸைச் செரிக்கும் லாக்டேஸ் என்ற நொதி குறைந்துபோவது இயல்பு. அப்படிப்பட்டவர்களிலும் பலர் ஒரு வேளைக்கு 12 கிராம் லாக்டோஸ் வரை, அதாவது ஏறக்குறைய ஒரு டம்ளர் பால் வரை, பெரிய தொந்தரவில்லாமல் சமாளிக்கிறார்கள். ஒத்துக்கொள்ளவே இல்லை என்றால் லாக்டோஸ் நீக்கிய பாலும் பாலாடைக்கட்டியும் இருக்கவே இருக்கின்றன. நீங்கள் நாற்பதைத் தாண்டிய பெண், எட்டு மாதமாகப் பால் பொருள் எதுவும் இல்லை. எலும்பை நினைத்துத்தான் இதை முதலில் வைக்கிறேன்.

மூன்றாவது, பழம். வாழைப்பழத்தில் ஒரு வேடிக்கை: லேசாகக் கெட்டியாக இருக்கும் பழத்தில் ஃப்ரக்டான் குறைவு, நன்றாகக் கனிந்து புள்ளி விழுந்ததில் அதிகம். வயிற்றுக்கு இதமாக இருக்கட்டும் என்று நன்றாகக் கனிந்ததைத் தேடித் தின்றவர்கள் நிறைய பேர் ஏமாந்திருக்கிறார்கள். ஆரஞ்சு, அன்னாசி இவற்றை நீங்கள் ஏன் நிறுத்தினீர்கள் என்று நோட்டில் தேடிப் பார்த்தேன், காரணம் இல்லை. "பழம்" என்ற ஒரே தலைப்பில் எல்லாவற்றையும் மூட்டை கட்டியிருக்கிறீர்கள். ஒரு வேளைக்கு ஒரு கைப்பிடி என்ற அளவில் இவை வரட்டும். மாம்பழம், ஆப்பிள், பேரிக்காய், தர்பூசணி கடைசியில்.

பருப்பு வகைகளை இரவே ஊறவைத்து, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து அந்தத் தண்ணீரையும் வடித்துவிடுங்கள். புளிக்கும் சர்க்கரை தண்ணீரில் கரைவது, கணிசமான பங்கு அதோடு போய்விடும். வெந்த பருப்பு இரண்டு மேசைக்கரண்டியில் தொடங்குங்கள். இறைச்சி தவிர வேறு புரதம் உங்கள் தட்டில் வந்தாக வேண்டும்.

வெங்காயமும் பூண்டும்தான் எல்லோருக்கும் கடைசிக் கண்டம். பூண்டைக் கால் பல்லில் தொடங்கி ஒரு பல் வரை. அதுவரைக்கும் மணத்துக்கு ஒரு வழி இருக்கிறது. ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. பூண்டைப் பெரிய துண்டாக எண்ணெயில் பொன்னிறமாக வதக்கி, துண்டுகளை எடுத்துப் போட்டுவிட்டு, அதே எண்ணெயில் சமையுங்கள். மணம் இருக்கும், தொந்தரவு இருக்காது. குழம்பில் போட்டுக் கொதித்த பிறகு துண்டை எடுப்பது வேலைக்காகாது, அதற்குள் தண்ணீரில் இறங்கியிருக்கும். இன்னொன்று, அந்த எண்ணெயை அன்றன்றைக்குச் செய்துகொள்ளுங்கள். பூண்டு போட்ட எண்ணெயைச் சமையல்மேடையில் நாள்கணக்கில் வைத்திருந்தால் போட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சுணவு நோய்க்கு இடம் கொடுத்ததாகும். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைத் தாராளமாகப் போடலாம், வெள்ளைப் பகுதியை மட்டும் நறுக்கி ஒதுக்குங்கள்.

கோதுமை, சீலியாக் பரிசோதனையின் முடிவைப் பொறுத்தது. சீலியாக் என்று வந்தால் வாழ்நாள் முழுவதும் ஒரு துளியும் கூடாது, அது வேறு கதை. இல்லை என்று வந்தால் பயப்பட வேண்டியது அளவுக்குத்தான். ஓஸ்லோவில், க்ளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று தாங்களாகவே நிறுத்தியிருந்த 59 பேருக்கு ஒரு வாரம் க்ளூட்டன், ஒரு வாரம் ஃப்ரக்டான், ஒரு வாரம் இரண்டுமில்லாதது என்று எது எது என்று சொல்லாமல் தின்பண்டத்தில் ஒளித்துக் கொடுத்தார்கள். அதிகத் தொந்தரவு கொடுத்தது ஃப்ரக்டான். க்ளூட்டனுக்கும் வெறும் பண்டத்துக்கும் வித்தியாசமில்லை. 2018ல் வெளியானது இது. சந்தேகம் ஃப்ரக்டான் மேல் என்றால், ஒரு துண்டு ரொட்டி சும்மா இருந்து நாலு துண்டு படுத்துவது சாத்தியம். ஒரு துண்டை இழக்க வேண்டிய அவசியம் இல்லை.

சோதிக்கும்போது ஒன்று நினைவிருக்கட்டும். ஒத்துக்கொண்ட பால், ஒத்துக்கொண்ட பருப்பு, ஒத்துக்கொண்ட ஆப்பிள் மூன்றும் ஒரே வேளையில் சேர்ந்தால் வயிறு முறைக்கலாம். ஒவ்வொன்றும் வரம்புக்குள் இருந்தாலும் கூட்டுத்தொகை வரம்பைத் தாண்டும், உங்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அப்படி ஒரு நாள் ஆகிவிட்டால் மூன்றையும் தள்ளிவைக்காமல் பிரித்துச் சாப்பிடுங்கள். மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் புதிதாக எதையும் சோதிக்காதீர்கள். அந்த நாட்களில் பலருக்குக் குடல் தானாகவே துள்ளும், பழி புதிதாக வந்த உணவின் மேல் விழும்.

ரத்தப் பரிசோதனை கேட்டிருந்தீர்கள். வேண்டாம். அது பார்ப்பது ஐஜிஜி என்ற எதிர்ப்பொருளை. நாம் வழக்கமாகச் சாப்பிடும் உணவுக்கு அது ரத்தத்தில் இருப்பது இயல்பு. சாப்பிட்டீர்கள் என்பதற்கு அடையாளம், ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கில்லை. ஒவ்வாமை மருத்துவர்களின் சங்கங்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இதைச் செய்ய வேண்டாம் என்றே சொல்லியிருக்கின்றன. செய்தால் சிவப்பு நிறத்தில் முப்பது உணவுகள் கொண்ட ஒரு பட்டியல் கையில் வரும். நீங்கள் இருக்கும் நிலையில் அந்தத் தாள் உங்கள் கண்ணில் படாமல் இருப்பதே நல்லது. ப்ரோபயாட்டிக் (நல்ல கிருமிகள் அடங்கிய) மாத்திரையில் ஆசை இருந்தால் ஒரே வகையை நாலு வாரம் சாப்பிட்டுப் பாருங்கள், மாற்றம் தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

பயணத்துக்குப் பட்டினி கிடப்பதை நிறுத்த உடனே மனசு வராது, தெரியும். முதலில் அரை மணி நேரப் பயணங்களில் பழகுங்கள். கிளம்புவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு சோறும் முட்டையும் கொஞ்சமாக, கொழுப்பில்லாமல், காபி இல்லாமல். வயிற்றை வெறுமையாக வைத்தால் குடல் வெறுமையாகிவிடாது. போய்ச் சேர்ந்த இடத்தில் பசியில் அள்ளிச் சாப்பிடும்போதுதான் அந்த அனிச்சைச் செயல் முழு வேகத்தில் வரும். உங்கள் நோட்டில் இரண்டு பயணமும் அப்படித்தான் முடிந்திருக்கின்றன, பாருங்கள். அவசரத்துக்குக் கைப்பையில் வைத்துக்கொள்ள மாத்திரை ஏதாவது தர முடியுமா என்று டாக்டரைக் கேட்பதில் வெட்கம் வேண்டாம். ஒன்று பையில் இருக்கிறது என்ற தைரியத்திலேயே அது தேவைப்படாமல் போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

டாக்டரைப் பார்த்த பிறகு எடையையும் பரிசோதனை முடிவையும் எழுதுங்கள். கோதுமையை எப்போது கொண்டுவருவது என்பதை அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். முட்டைக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை ஒன்று, அவித்தது, காபிக்கு முன்னால்.